விழித்திரை மருத்துவரின் கல்வி

 

மகாவீரர் ஜெயந்தித் திருநாளில் மும்மணிகளைப் பற்றிப் பேசத் தகுதியுடைய பெரியோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். என்னை அறிமுகப்படுத்திய செயலாளர் அவர்கள், நற்காட்சி தரும் மருத்துவர் என்று அன்பின் மிகுதியால் கூறிவிட்டார். நற்காட்சி அருகன் அறத்துக்கு உரியது. நான் அறிந்தது ஊன்கண்ணின் காட்சி. அதிலும் கண்ணின் உட்சுவரில் மெல்லிய காகிதம்போல் படிந்திருக்கும் விழித்திரை என்னும் ஒரு படலம் மட்டுமே. அதை எவ்வாறு கற்கிறோம் என்று பேசுமாறு நம் மாணவர்கள் கேட்டுக்கொண்டனர்.

ஆண்டுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டுகள், கண் மருத்துவ மேற்படிப்பு 3 ஆண்டுகள், அதன்பின் விழித்திரைக்கெனத் தனிப்பயிற்சி ஏறத்தாழ 2 ஆண்டுகள். நுழைவுத் தேர்வுகளில் கழியும் காலத்தையும் சேர்த்தால், தனித்து நின்று அறுவை செய்யும்போது வயது முப்பதைத் தொட்டுவிடும். இத்தனை படித்த பின்னும் உறவினர் இல்லத் திருமணத்தில், கண்ணாடிக்கு எண் எழுதித் தருவாயா என்றுதான் கேட்பார்கள்!

இத்துறைக்கு ஒரு குருபரம்பரை உண்டு. விழித்திரை கழன்று விழுந்தால் பார்வை போயிற்று என்றே நூறாண்டுகளுக்கு முன் மருத்துவர்கள் கைவிரித்தனர். அதில் ஏற்படும் கிழிசலே நோயின் காரணம், அதைத் தேடிக் கண்டு அடைத்தால் பார்வை மீளும் என்று நிறுவியவர் சுவிட்சர்லாந்தின் ஜூல்ஸ் கோனின். கிழிசலைத் தேடுவதற்கு ஏற்ற கருவியை அளித்தவர் பெல்ஜியத்தில் பிறந்த சார்லஸ் ஷெப்பன்ஸ். உலகப்போரின்போது நாஜிகளிடமிருந்து தப்பியோரைப் பிரனீஸ் மலை வழியே ஸ்பெயினுக்குள் சேர்ப்பித்தவர் அவர். இருகண்களாலும் நோக்கும் உட்கண் நோக்கியை உருவாக்கி, பின்னர்ப் பாஸ்டன் நகரில் விழித்திரைக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1963இல் பட்டம் பெற்ற டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத், அமெரிக்கா சென்று, நிறைவில் அவரிடம் பயின்று, 1970இல் தாயகம் திரும்பினார். 1978இல் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். அயல்நாடு சென்று கற்க வேண்டியிருந்த இக்கலையை இன்று நம் பிள்ளைகள் சென்னையிலும் மதுரையிலும் கற்கிறார்கள் என்றால், அத்தகையோர் திரும்பி வந்ததே காரணம்.

பயிற்சியில் முதலில் கத்தியைத் தரமாட்டார்கள். வண்ணப் பென்சில்களைத் தருவார்கள். தலையில் விளக்கை அணிந்து, கையில் ஒரு வில்லையைப் பிடித்து நோக்கினால், விழித்திரை தலைகீழாகவும் இடவலம் மாறியும் தோன்றும். அதை அப்படியே தாளில் வரைய வேண்டும். ஒட்டியிருக்கும் பகுதி சிவப்பு, கழன்ற பகுதி நீலம், உள்ளிருக்கும் கூழ்ப்பொருளில் மிதக்கும் கலங்கல் பச்சை. என் முதல் ஓவியங்களைப் பார்த்த ஆசிரியர், கண்டதை வரை, நூலில் படித்ததை வரையாதே என்றார். ஓரத்தில் ஒளிந்திருக்கும் ஒரு கடுகளவு கிழிசல் தப்பினால், நேர்த்தியாகச் செய்த அறுவையும் வீணாகும். இப்போது படமெடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் வரையாமல் கற்றவரின் கண்ணை நான் முழுதும் நம்புவதில்லை.

அடுத்துக் கைப்பயிற்சி. இதைச் சொல்லலாமா என்று தயங்கினேன். நம்மவர் சபையில் மறைப்பது தகாது. அறுவை கற்போர்க்கு ஆட்டுக் கண்களைக் கொடுத்துப் பழக்குவது பல இடங்களில் வழக்கம். இறைச்சிக்காக அறுக்கப்பட்டவற்றின் கண்கள்தாம். நமக்காகக் கொன்றதில்லை என்று தோழர் ஆறுதல் கூறினர். மூன்று நாட்கள் பயின்றேன். நான்காம் நாள் என் கை நடுங்கிற்று. தொலைபேசியில் தந்தையாரிடம் கூறினேன். அவர் கோபிக்கவில்லை. ஆசிரியரிடம் உள்ளதைச் சொல், வேறு வழி இல்லையென்றால் அப்போது சிந்திப்போம் என்றார்.

வழி இருந்தது. தானமாகப் பெறும் கண்ணில் பார்வையற்றவருக்குப் பொருத்தப்படுவது முன்புறத்துக் கருவிழிப் படலமே. எஞ்சிய பகுதியை, குடும்பத்தார் இசைவிருந்தால், ஆய்வுக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்துவர். அக்கண்களிலும் செயற்கை மாதிரிகளிலும் நான் பயிலுமாறு ஆசிரியர் ஏற்பாடு செய்தார். அதனால் என் பயிற்சி சில மாதங்கள் நீண்டது. பெயரறியா எத்தனையோ குடும்பங்கள் துயரத்தின் நடுவே அளித்த கொடையால்தான் என் கை பழகிற்று. கண்தானம் செய்யும் நம் இல்லத்தார், பயிற்சிக்கும் இசைவு தருகிறோம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுமாறு வேண்டுகிறேன். உயிர் பிரிந்த 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டுமாதலால், உடனே கண் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். கண்ணாடி அணிந்தவரும் புரை அறுவை செய்துகொண்டவரும் அளிக்கலாம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தானக் கண் வாங்கி என் தந்தைக்கு வையுங்கள் என்று நீரிழிவால் பார்வையிழந்தவரின் மக்கள் என்னிடம் வருவதுண்டு. விழித்திரையை மாற்றி வைக்க இயலாது. அது மூளையின் நீட்சி. அழிந்த நரம்பணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் பெரும்பாலும் இருப்பதைக் காக்கவே உதவும். நீரிழிவு விழித்திரையைத் தாக்கும் தொடக்கக் காலத்தில் வலியில்லை, மங்கலும் இல்லை. நன்றாகத் தெரிகிறதே என்று இருப்பவரின் கண்ணுக்குள்ளேயே குருதிக் குழாய்கள் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே நீரிழிவுள்ளோர் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும். திடீரென மின்னல் தோன்றினாலோ, கரும்புள்ளிகள் பெருகினாலோ, திரை விழுந்ததுபோல் ஒருபுறம் மறைந்தாலோ அன்றே வர வேண்டும்.

நம்மவர்க்கு இதில் ஒரு தனி இடையூறு உண்டு. பாவை விரியச் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்க நேரமாகும். மாலையில் வரும் நம் பெரியவர்கள், பொழுது சாயுமுன் உணவு கொள்ள வேண்டுமே என்று பாதியில் எழுந்து போய்விடுகின்றனர். சென்ற ஆண்டு அவ்வாறு போன ஓர் அம்மையார் எட்டு மாதம் கழித்து வந்தபோது, ஒரு கண்ணில் குருதி நிறைந்திருந்தது. நோன்பை விடுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லேன். காலையில் வாருங்கள் என்கிறேன்.

இன்று பின்மண்டபத்தில் சோதனை முகாம் அமைத்துள்ளோம். சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் கண் கூசும். ஆதலின் வண்டி ஓட்டி வந்தவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். பிற்பகல் 3 மணிக்கு முடித்துவிடுவோம். பொழுது சாயுமுன் அனைவரும் இல்லம் சேரலாம்.