தரங்கம்பாடியில் தொடங்கிய ஒற்றுமை



திருச்சபையில் பிளவு என்றதும், அது வேத விளக்கத்தில் எழும் கருத்து வேறுபாட்டின் விளைவு என்றே பலரும் எண்ணுவர். தென்னிந்தியாவில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவிய பிளவோ பெரும்பாலும் கப்பலேறி வந்ததாகும். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் தமக்குள் பிரிந்திருந்த சபைகள் தத்தம் ஊழியர்களை இங்கு அனுப்பின. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சபை, மதுரையில் அமெரிக்கக் காங்கிரிகேஷனல் சபை, நாகர்கோவிலில் லண்டன் மிஷன் என வட்டாரந்தோறும் ஒன்று வேரூன்றிற்று. ஒருவர் எச்சபையார் என்பதை அவருடைய ஆராய்ச்சியன்று, அவர் பிறந்த ஊரே முடிவு செய்தது! அயலூர் சென்றாலோ, ஒரே ஆண்டவரை வணங்குவோர் ஒரே திருவிருந்தில் கலந்துகொள்ள விதிகள் குறுக்கே நின்றன.

இந்நிலையைக் கண்டு வருந்தியவருள் முதன்மையானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்த இவர், 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். 1909-இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தாமே ஊழியராய்ச் சென்றார். 1912-இல் அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் இவரே. அங்குச் சபையில் சேர்ந்தோர் பெரும்பாலும் எழுத்தறியாத ஏழை உழைப்பாளிகள். ஞானஸ்நானம் பெறுவோர் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தியை அறிவிப்பது தம் கடமை என உறுதி கூறும் வழக்கத்தை அசரியா ஏற்படுத்தினார். சோர்ந்த மாணவனைக் கடிந்துரைத்தால் எழுவதில்லை. பொறுப்பொன்றைக் கொடுத்தால் எழுவான். வகுப்பறையில் நான் கண்ட இவ்வுண்மையை அவர் சபையில் கையாண்டார். பணியில் முனைந்த மக்களுக்குக் கடல்கடந்த பழம்பூசல்கள் பொருளற்றவையாய்த் தோன்றியதில் வியப்பில்லை.

1919 மே மாதம் 1, 2 ஆம் நாள்களில், சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கிய தரங்கம்பாடியில் குருமார் சிலர் கூடினர். பெரும்பாலோர் இந்தியர். இப்பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, அவற்றைத் தொடர நாம் விரும்பவுமில்லை என்னும் கருத்தில் அறிக்கை வெளியிட்டனர்.

அறிக்கை இரண்டு நாளில் பிறந்தது. ஒற்றுமை பிறக்க இருபத்தெட்டு ஆண்டுகளாயின. குருப்பட்டமே பெருஞ்சிக்கல். பேராயர் கைவைத்து அளித்த பட்டமே முறையானது என்றனர் ஆங்கிலிக்கர். அப்படியாயின் மெதடிஸ்டு, காங்கிரிகேஷனல் குருமார் இத்தனை ஆண்டு ஆற்றிய பணி என்னாவது? மீண்டும் பட்டம் பெறுக என்பது, நீர் இதுகாறும் குருவே அல்லர் என்பதற்கு ஒப்பாகும் அன்றோ? இறுதியில் கண்ட வழி இது: ஏற்கெனவே பட்டம் பெற்றோர் அனைவரும் மறுபட்டமின்றி ஏற்கப்படுவர், இனிமேல் பட்டம் பெறுவோர்க்குப் பேராயரே அதனை அளிப்பர், எந்தச் சபைக்கும் அதன் மனச்சான்று ஒவ்வாத குருவைத் திணிப்பதில்லை. எவரையும் தம் முன்னோரின் பணியை மறுதலிக்கச் சொல்லாமையே இவ்வேற்பாட்டின் சிறப்பு என்பது என் துணிபு.

1945 சனவரி முதல் நாள் அசரியா காலமானார். 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்ற ஆறு வாரத்தில், சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் ஒரு சபையினராயினர். லுத்தரன் சபையார் சேரவில்லை; நந்தியால் வட்டாரத்து ஆங்கிலிக்கர் பலரும் விலகி நின்றனர்.

கப்பலில் வாராத பிளவும் ஒன்று உண்டு. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயில் 1872-இல், சாதிக்கொரு பக்கமாக மக்கள் பிரிந்து நிற்கும் வண்ணமே கட்டப்பட்டது. கத்தோலிக்கரிடம் மட்டும் இருந்த நோயன்று இது. சீர்திருத்தச் சபைகளிலும் இடத்துக்கிடம் இருந்தது. 1910-இல் அங்கிருந்த குருவானவர் நடுத்தடுப்பை அகற்றினார். அதனை மீண்டும் வைக்க வேண்டுமென ஒரு சாரார் வழக்குத் தொடுத்தனர். உயர்நீதிமன்றம் வரை சென்றும் அவ்வுரிமை அவர்களுக்குக் கிட்டவில்லை.