அம்மம்மாவின் விஷக்கல்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



"விஞ்ஞானமும் போலி விஞ்ஞானமும்" என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் அக்கா கேட்டபோது, ஒரு பேராசிரியரைக் கூப்பிடலாமே என்றேன். "நீ வந்து பாம்புக்கடியைப் பற்றிக் கதை, பிள்ளைகள் நித்திரை கொள்ளமாட்டார்கள்" என்றார். ஆகவே பாம்புக்கடியைப் பற்றியே கதைக்கிறேன்.

எங்கள் அம்மம்மாவிடம் ஒரு விஷக்கல் இருந்தது. கறுப்பு நிறம், புளியங்கொட்டை அளவு. அயலில் யாரையாவது பாம்பு தீண்டினால் எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வருவார்கள். கடிவாயைச் சற்றுக் கீறிக் கல்லை வைத்தால் அது ஒட்டிக்கொள்ளும். விஷத்தை உறிஞ்சி முடித்ததும் தானாக விழும். பிறகு அதைப் பாலில் போட்டால் குமிழி குமிழியாக விஷம் வெளியேறும். இதையெல்லாம் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வந்தவர்களில் அநேகர் பிழைத்தார்கள். அம்மம்மா யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. போலி என்றவுடன் ஏமாற்றுக்காரரை நினைத்துவிடாதீர்கள். அவர் யாரையும் ஏமாற்றவில்லை.

அப்படியானால் அநேகர் ஏன் பிழைத்தார்கள்? எங்கள் நாடு முழுவதும் வீடுவீடாகச் சென்று எடுத்த ஒரு கணக்கு 2016இல் வெளிவந்தது. ஒரு வருடத்தில் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் உடலில் விஷம் ஏறியவர்கள் ஏறக்குறைய 30,000 பேர். இறந்தவர்கள் 400க்கு மேல். மிச்சம் 50,000 பேரைக் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும், அல்லது விஷப்பாம்பு விஷத்தைச் செலுத்தாமல் கடித்திருக்கும். இவர்களுக்குக் கல்லை வைத்தாலும் பிழைப்பார்கள், சிரட்டைத் துண்டை வைத்தாலும் பிழைப்பார்கள்.

நான் உள்ளகப் பயிற்சியில் இருந்தபோது ஓர் இரவு ஒரு கமக்காரரைக் கொண்டுவந்தார்கள். புடையன் கடித்து ஆறு மணித்தியாலம் ஆகிவிட்டது. காலில் கல் வைத்த கீறல். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் குருதி எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டுச் சரித்துப் பார்ப்போம். உறைந்திருக்க வேண்டும். அவருடைய குருதி தண்ணீர்போல ஓடியது. விஷமுறி மருந்து கொடுத்தோம். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார். அவருடைய மனைவி என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "கல்லு ஒட்டினது தானே டொக்டர்?"

அன்று அம்மம்மாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் கதை அதோடு முடியவில்லை.

விஷமுறி மருந்து குதிரையின் குருதியிலிருந்து எடுப்பது. பலருக்கு அது ஒத்துக்கொள்ளாது; நடுக்கம், மூச்சுத் திணறல், சிலருக்கு உயிராபத்து. அதைத் தடுக்க அந்த நாட்களில் பல விடுதிகளில் ஹைட்ரோகோட்டிசோன், புரோமெதசின் என்ற இரண்டு ஊசிகளை முதலிலேயே போடுவோம். அந்தக் கமக்காரருக்கும் என் கையாலேயே போட்டேன். ஏன் போட்டேன்? எனக்கு மூத்தவர் போட்டார், அவருக்கு மூத்தவரும் போட்டார். ஒவ்வாமை வராவிட்டால் ஊசிதான் காப்பாற்றியது என்போம். வந்துவிட்டால், ஊசி போடாவிட்டால் இதைவிட மோசமாக வந்திருக்கும் என்போம். எப்படிப் பார்த்தாலும் ஊசிக்கே வெற்றி. அம்மம்மாவின் கல்லும் இப்படித்தான் ஒருநாளும் தோற்றதில்லை.

அதே காலத்தில், 2005 முதல் 2008 வரை, எங்கள் நாட்டு வைத்தியர்கள் மூன்று வைத்தியசாலைகளில் 1,007 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எந்த ஊசி, யாருக்கு மருந்தே இல்லாத ஊசி என்பது குலுக்கல்போல முடிவாகும். நோயாளிக்கும் தெரியாது, போடுபவருக்கும் தெரியாது. முடிவு 2011இல் வந்தது. சிறிதளவு அட்ரினலின் முதல் ஒரு மணித்தியாலத்தில் கடுமையான ஒவ்வாமையை 43 வீதம் குறைத்தது. நாங்கள் போட்டுவந்த அந்த இரண்டு ஊசிகளாலும் பயனில்லை. போதாக்குறைக்கு, அட்ரினலினோடு ஹைட்ரோகோட்டிசோனைச் சேர்த்தபோது அட்ரினலினின் பலனும் இல்லாமற்போனது.

வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தேன், மருந்துக்கு ஆங்கிலப் பெயர் இருந்தது, அதற்காக நான் செய்தது விஞ்ஞானம் ஆகிவிடவில்லை. எண்ணிப் பார்க்க இடம் கொடுத்ததும், கணக்குப் பிழை என்று காட்டியபின் கைவிட்டதும்தான் விஞ்ஞானம்.

எனவே யாராவது ஒரு மருந்தைப் புகழ்ந்தால், அது நாட்டு மருந்தா மேலைநாட்டு மருந்தா என்று நான் பார்ப்பதில்லை. மலேரியாவுக்கு இன்று உலகமே பாவிக்கும் ஆர்ட்டெமிசினின் சீன மூலிகையிலிருந்து வந்ததுதான்; அதற்காக து யூயூ என்ற பெண்மணிக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. நான் கேட்பது ஒன்றே ஒன்று: என்ன நடந்தால் இது பிழை என்று ஒத்துக்கொள்வீர்கள்? 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கென்று ஒரு தேன் பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தபோது இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. அதைப் பகிரங்கமாகக் குடித்துக்காட்டிய சுகாதார அமைச்சருக்கு அடுத்த மாதமே தொற்று வந்தது. அதற்குப் பிறகும் பாணியை நம்பியவர்கள் இருந்தார்கள்.

தங்கைமாரே, மறப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு நேரே வைத்தியசாலைக்கு வாருங்கள்.

அம்மம்மா காலமானபின் கல் என்னிடம் வந்தது. இன்று கைப்பையில் கொண்டுவந்திருக்கிறேன். பயப்படாதீர்கள், நன்றாக அவித்துவிட்டுத்தான் கொண்டுவந்தேன். இத்தகைய கற்கள் பெரும்பாலும் எரித்த எலும்புத் துண்டுகள், நுண்துளைகள் நிறைந்தவை. பல வருடமாக இது எந்தக் கடிவாயையும் தொடவில்லை. உங்கள் விலங்கியல் ரீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஈரமான விரலில் வைத்துப் பாருங்கள், பிறகு பாலில் போட்டுப் பாருங்கள். ஒட்டுகிறதா, குமிழி வருகிறதா என்று எனக்கு எழுதி அனுப்புங்கள்.