பொட்டலத்தின் பின்புறம்

ஆரணிக்கு அண்மையிலுள்ள திருமலையின் சமணப் பெருமக்கள், எதை உண்பது, எதை விலக்குவது, எந்தப் பொழுதுக்குள் உண்டு முடிப்பது என்பவற்றைத் தலைமுறை தலைமுறையாக விரதம்போலப் பேணியவர்கள். அந்த விவேகம் இன்று கல்லூரி விடுதிகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கு மிகவும் அவசியமாகிறது.

பிஸ்கட் வாங்கும் மாணவன், பச்சைப் புள்ளியையும் காலாவதித் தேதியையும் பார்ப்பதோடு திருப்தியடைந்துவிடுகிறான். பின்புறத்துப் பொடி எழுத்துகளில் அவன் கண் படிவதேயில்லை. விஷயமோ அங்கேதான் இருக்கிறது. சேர்மானங்களை எடையில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்த வேண்டும் என்பது சட்டமாதலால், முகப்பில் கோதுமைக் கதிரைப் பெரிதாக அச்சிட்ட பண்டத்தின் பட்டியலில் மைதாவும் சர்க்கரையும் முந்தி நிற்குமானால், நம்பத்தக்கது பட்டியலே. சத்துக் கணக்கும் பெரும்பாலும் 100 கிராமுக்கு உரியது: அதில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 25 கிராம் என்றிருந்தால், 200 கிராம் பொட்டலத்தை ஒரே மூச்சில் தீர்ப்பவன், உணவுப் பொட்டல விவரங்களுக்கான 2020ஆம் ஆண்டு விதிகள் நாள் முழுமைக்கும் அளவாகக் கொண்ட 50 கிராமையும் அப்போதே உண்டவனாகிறான்.

இவ்விவரங்கள் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ இருந்தால் போதுமென விதி அனுமதிப்பது, தமிழ்வழி பயின்று வந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பெரும் இடையூறு.

உணவின் சத்தை ஆராயும் அறிவு நமக்குப் புதிதன்று. 1918இல் குன்னூரில் மருத்துவர் ராபர்ட் மக்கரிசன் தொடங்கிய, பெரிபெரி என்னும் சத்துக்குறை நோய் பற்றிய ஆராய்ச்சியே பின்னர் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. நம் குன்னூர் மலையில் பிறந்த அந்த ஞானம் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடலாகாது. பொறியியல் பயின்றாலும் இலக்கியம் பயின்றாலும், முதலாண்டு மாணவர் ஒவ்வொருவர் கையிலும் விடுதிக் கடையில் விற்கும் பண்டங்களையே கொடுத்து, ஆசிரியர் உடனிருந்து வாசிக்கச் செய்தல் வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் போதும்.