உழைக்கும் மகளிரின் உரிமைக் குரல்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகளின் படிப்பைத் தாங்கி நிற்பது தாய்மாரின் உழைப்பு. அவ்வுழைப்பின் மதிப்பைப் போராடி உணர்த்தியவர்களை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

கேரளத்து மூணாறு மலைகளில் கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர், தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து சென்ற நம் சமுதாயத்துக் குடும்பங்களின் பெண்கள். 2015ஆம் ஆண்டில் அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து பறித்தாக வேண்டும். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கூடை சுமப்பார்கள். மாலையில் திரும்பி மீண்டும் அடுப்படியில் நிற்பார்கள். கூடையின் எடைக்குக் கூலி உண்டு. அடுப்படி உழைப்புக்குக் கணக்கில்லை. ஆயினும், அந்த அடுப்பு எரியாவிடில் மறுநாள் தோட்டத்தில் வேலை நடக்குமா? குடியிருக்கும் லய வீடும் வேலையோடு பிணைக்கப்பட்டது. குடும்பத்தில் தோட்ட வேலை செய்வார் இல்லையேல் கூரையும் இல்லை.

அவ்வாண்டு போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. செப்டம்பர் மாதத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்தி மூணாற்றின் வீதியில் அமர்ந்தனர். ஆடவர் தலைமையில் இயங்கிய தொழிற்சங்கங்களை விலகி நிற்கச் சொல்லி, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தாமே பேசினர். ஒன்பதாம் நாள், போனசும் கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு கிடைத்தது. அக்டோபரில் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. அவர்கள் கேட்டதோ 500 ரூபாய். பின்னாளில் பிளவுகளால் அவ்வமைப்பு தளர்ந்தது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லய வீடுகளைப் புதைத்தது. 70 உயிர்கள் மாண்டன. கூலி சற்றே உயர்ந்தும் கூரை பாதுகாப்பு அடையவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தாய்மையையும் இல்லத்தையும் தொழிலாளர் உரிமைக் கணக்கில் சேர்ப்பது நமக்குப் புதிதன்று. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலன் என்றும், பெண்களை வேலைக்கு வைத்துப் பயன் பெறும் முதலாளியும் அச்செலவில் பங்கேற்பதே நியாயம் என்றும் வாதிட்டார். 1929இல் அது சட்டமாயிற்று.

இளைஞர்களே! தாய் கூலிக்குச் செல்லும் வீட்டில், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்படுபவள் மூத்த மகளே. எங்கள் வருகைப் பதிவேடுகளில் அவள் பெயருக்கு நேரே விடுப்புக் குறிகள் நிரம்பியிருப்பதை ஆண்டுதோறும் காண்கிறேன். தாய்க்குரிய கூலியும், வேலையிடத்துப் பிள்ளைக் காப்பகமும், நிலையான வீடும் கிடைத்தாலன்றி அவளுடைய படிப்பு நிலைக்காது. எனவே, நம் பெண்கள் சங்கம் அமைக்க முன்வந்தால் அதன் தலைமையை நாடாமல் துணை நில்லுங்கள். அவர்கள் கூட்டத்துக்குச் செல்லும் மாலையில் நீங்கள் அடுப்பை மூட்டுங்கள், குழந்தையை ஏந்துங்கள். அதுவும் சமுதாயத் தொண்டே.