அடியாத நாயும் படியும்

"அடியாத மாடு படியாது" என்று நம் ஊர்ப் பக்கம் ஒரு பழமொழி வழங்குகிறது. தலைநகரில் அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்த்துக் காலங்கழிக்கும் எனக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நாயைப் பொறுத்தவரை அந்தப் பழமொழி பொருந்தாது என்பதைக் கசப்பான அனுபவம் ஒன்றின் வாயிலாக அறிந்தவன் நான். அதனையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஊரில் நாய்க்கு முற்றமும் கொல்லையும் இருந்தன. வடநாட்டு நகரங்களுக்குப் பிழைக்க வந்த நாமோ, மாடிக் குடியிருப்பின் இரண்டு அறைகளுக்குள் அதனை வளர்க்கிறோம். ஊரில் எவரும் பொருட்படுத்தாத குரைப்பும், கடித்துக் கிழிப்பதும், மேலே தாவுவதும் இங்கே பெருங்குற்றங்களாகிவிடுகின்றன. அண்டை வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். நமக்குக் கை ஓங்குகிறது.

எங்கள் வீட்டு மணி, தில்லித் தெருவொன்றில் பிறந்த குட்டி. மார்கழிக் குளிரில் நடுங்கிக் கிடந்ததை என் மகள் எடுத்து வந்தாள். மற்ற வேளைகளில் சாதுவான அப்பிராணி, உண்ணும்போது மட்டும் எவரேனும் நெருங்கினால் உறுமும். "சோறிட்ட கையைப் பார்த்தா உறுமுகிறாய்?" என்று செய்தித்தாளைச் சுருட்டி ஒவ்வொரு முறையும் அடித்தேன். ஒரு மாதத்தில் உறுமல் நின்றுவிட்டது. என் வைத்தியம் பலித்ததென்று அலுவலக நண்பர்களிடம் பெருமை பேசினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் தட்டை எடுக்கக் குனிந்தாள். மணி உறுமவில்லை, கடித்தது.

காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்கு விரைந்தோம். மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டிருந்தது; ஆயினும் மருத்துவர் கூறியபடி மகளுக்கும் ஊசிகள் போடப்பட்டன. நாயை எங்கேனும் கொண்டு போய் விட்டுவிடுவதென்று அன்றிரவு தீர்மானித்தேன். கட்டுப் போட்ட கையுடன், "அப்பா, மணியை விட்டுவிடாதீர்கள்" என்று அழுதாள் மகள்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் சென்றேன். அனைத்தையும் கேட்டுவிட்டு, "அது உறுமியதற்கு என்ன பொருளென்று நினைத்தீர்கள்?" என்றார்.

"திமிர்" என்றேன்.

"இல்லை ஐயா. 'என் உணவு பறிபோகுமோ என்று அஞ்சுகிறேன், சற்று விலகி நில்லுங்கள்' என்று அது தன் மொழியில் சொல்லியிருக்கிறது. நீங்கள் அதன் அச்சத்தைப் போக்கவில்லை. அதைச் சொல்லும் வாயை அடைத்துவிட்டீர்கள். எச்சரிக்க வழியில்லாத நாய் வேறென்ன செய்யும்?"

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் தலைகுனிந்தேன். ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்ததன் தண்டனையை என் மகளல்லவா அனுபவித்தாள்!

நேயர்களே, தண்டனையின் குறை இதுதான். எது கூடாது என்பதையே அது அரைகுறையாகத்தான் உணர்த்துகிறது. எது வேண்டும் என்பதைச் சொல்வதேயில்லை. நாய் கற்றுக்கொள்வதெல்லாம் எஜமானனின் கைக்கு அஞ்சுவதை மட்டுமே. 2020-இல் போர்த்துகல் நாட்டு ஆய்வாளர்கள் 92 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்தனர். அதட்டலாலும் வலியாலும் பயிற்றப்பட்ட நாய்களிடம், பரிசு கொடுத்துப் பயிற்றப்பட்டவற்றைக் காட்டிலும் மனக்கலக்கத்தின் அறிகுறிகள் மிகுந்திருந்தன.

"நாய் ஓநாயின் வழிவந்தது, அடக்கினால்தான் நம்மைத் தலைவனாக ஏற்கும்" என்று சிலர் வாதிப்பதுண்டு. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை அடைத்துவைத்துப் பார்த்ததில் எழுந்த கருத்து அது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய் தந்தையரும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என்று ஓநாய்களை நெடுங்காலம் ஆராய்ந்த டேவிட் மெக் 1999-இல் எடுத்துக்காட்டினார். முன்னர் தாமும் பரப்பிய கருத்தை அவரே திருத்திக்கொண்டது பாராட்டத்தக்கது.

அப்படியானால் என்னதான் செய்வது? மருத்துவர் சொன்ன வழியைக் கூறுகிறேன். மணி உண்ணும்போது, அது உடலை விறைக்காத தொலைவில் நின்று, தட்டிலுள்ளதினும் சுவையான பனீர்த் துண்டொன்றை அதன் பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். சில நாட்கள் சென்றபின் ஓரடி நெருங்குவேன். அது விறைத்தால் மீண்டும் ஓரடி பின்வாங்குவேன். தட்டில் மட்டும் கை வைப்பதில்லை. மனிதர் வருவது பறிப்பதற்கன்று, கொடுப்பதற்கே என்பது மெல்ல மெல்ல அதன் மனத்தில் பதிந்தது. குழந்தைகளை இப்பயிற்சியில் ஈடுபடுத்தவில்லை. நாய் உண்ணும்போதும் உறங்கும்போதும் அருகில் செல்லலாகாது என்பதே அவர்களுக்கு வகுத்த விதி. இரண்டு மாதங்களில், என் காலடியோசை கேட்டதும் மணி வாலாட்டத் தொடங்கியது.

பிற குறும்புகளுக்கும் இதே நெறிதான். எதனால் செய்கிறது, அதனால் என்ன பெறுகிறது என்று முதலில் பார்க்கவேண்டும். விருந்தினர் மேல் தாவும் நாய் நம் கவனத்தை நாடுகிறது. முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், நான்கு கால்களும் தரையில் பட்ட அந்தக் கணத்தில் தட்டிக்கொடுங்கள். பரிசு ஓரிரு விநாடிக்குள் கிடைக்கவேண்டும். தாமதித்தால் எதற்கென்று அதற்கு விளங்காது. வீட்டார் அனைவரும் ஒன்றுபோல் நடப்பதும் இன்றியமையாதது. நால்வர் திருப்பி அனுப்பி ஐந்தாமவர் கொஞ்சினால், அவ்வழக்கம் முன்னிலும் வலுப்பெறும்.

நம் போன்ற வீடுகளில் மற்றொரு குழப்பமும் உண்டு. நான் "உட்கார்" என்பேன்; மகள் "பைட்" என்பாள்; மகன் "சிட்" என்பான். மும்மொழித் திட்டம் நாய்க்கு வேண்டாம். ஒரு செயலுக்கு ஒரே சொல் போதும்.

குட்டி வீட்டில் சிறுநீர் கழித்தால் அதன் மூக்கை அதில் தேய்ப்பது கொடுமை, பயனுமில்லை. உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடியதும் வெளியே அழைத்துச் சென்று, உரிய இடத்தில் கழித்தவுடன் பாராட்டுங்கள். செருப்பைக் கடித்தால் செருப்பை எடுத்து வைத்துவிட்டு, கடிக்கத்தக்க பொருளொன்றைக் கொடுங்கள். "தவறு செய்ததை அதன் முகமே காட்டுகிறதே" என்பீர்கள். நாய் அவ்வாறு முகம் வாடுவது குற்றவுணர்வாலன்று, நம் கோபத்தைக் கண்டே என்பதை அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் சோதித்துக் காட்டினார்.

இன்னும் சில எச்சரிக்கைகள். பரிசென்று உலர் திராட்சையோ வெங்காயம் கலந்த சோறோ கொடுத்துவிடாதீர்கள். அவை நாய்க்கு நஞ்சாகும். தீபாவளி வெடிக்கு நடுங்கிக் குரைக்கும் நாயைக் கண்டிக்காதீர்கள். சன்னலைச் சாத்தி, வானொலியை ஒலிக்கவிட்டு, அருகில் இருங்கள். சாதுவான நாய் திடீரென்று சீறினால் உடலில் எங்கேனும் வலி இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிராணிகளை அடிப்பதும், குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றங்களாகும். அச்சட்டத்துக்கு வித்திட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக அவர் கொண்டுவந்த மசோதாவே அதற்கு முன்னோடி. 1962-இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

அண்மையில் நண்பர் ஒருவரின் சிறு குழந்தை, உண்டுகொண்டிருந்த மணியை நோக்கித் தத்தித் தத்திச் சென்றுவிட்டது. மணி மெல்ல உறுமியது. நெடுநாட்களுக்குப் பின் கேட்ட ஒலி. ஓடிச் சென்று குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். நண்பர் பதறினார். நானோ மணிக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன். அது மீண்டும் பேசத் தொடங்கியிருந்தது. இம்முறை எனக்கும் அதன் பொருள் விளங்கியது.