தீவகம் தந்த மதுரக் குரல்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே காரைநகர், ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எனத் தீவுகள் பல உள. கடலையும் கடையையும் நம்பி வாழ்ந்த இத்தீவக மக்களுள் வாணிகத்தின் பொருட்டுக் கொழும்புக்குச் சென்றவர் பலர். பொன்னாலைப் பாலத்தால் பெருநிலத்தோடு இணைந்த காரைநகர், தலைநகருக்கு ஒரு குரலையும் அனுப்பி வைத்தது. அக்குரலுக்குரியவர் கனகரத்தினம் ஸ்ரீஸ்கந்தராஜா. நீங்கள் அறிந்த பெயர் கே. எஸ். ராஜா.

அவர் காலத்து வானொலியின் நிலையை முதலில் நோக்குவோம். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் தொடங்கியது. 1952இல் இந்தியாவில் வானொலிக்குப் பொறுப்பான அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் திரையிசையை விரும்பாராயினார். அதனால் பாட்டுக் கேட்க விழைந்த மக்கள் கொழும்பை நாடினர். 1957இல் விவித பாரதி தோன்றிய பின்னும் தமிழகத்து நேயர் பலர் இலங்கையைக் கைவிடவில்லை. எஸ். பி. மயில்வாகனன் போன்றோர் அமைத்த அந்த மேடையிலேதான் பின்னர் ராஜா ஏறினார்.

அறிவிப்பாளன் என்பவன் நிதானமாகப் பேசவேண்டும். தன்னை மறைத்து நிகழ்ச்சியை முன்னிறுத்தவேண்டும் என்பது பழைய மரபு. ராஜாவோ விரைந்து பேசினார். தம் பெயரையே ஒரு முழக்கமாக்கினார். வீடுதோறும் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருப்போரை விளித்து அவர் வணக்கம் சொல்லும் முறையைச் சிறுவரும் பாடமாக்கித் திரிந்தனர். அவர் பேச்சை மிகையென்று முகஞ்சுளித்தோரும் வானொலியை நிறுத்தினாரல்லர். எத்துணை விரைவிலும் அவர் நாவில் லகர ளகர ழகரங்கள் ஒன்றோடொன்று மயங்கியதில்லை. உச்சரிப்பிற் பிழையின்மையே அவர் துணிவுக்கு அரணாயிற்று.

‘திரை விருந்து’ என்னும் நிகழ்ச்சியில் அவர் கைத்திறன் நன்கு விளங்கியது. அவர் ஒரு வினாவை எழுப்புவார். மறுகணமே ஒரு படத்தின் வசனம் அதற்கு விடையாக ஒலிக்கும். அவ்விடையை அவர் கேலி செய்வதற்குள் பாட்டுத் தொடங்கிவிடும். வெறும் விளம்பரமாய் முடிந்திருக்கவேண்டிய நேரம் இவ்வாறு நாடகமாயிற்று. கணினியில்லாத அந்நாளில் ஒலிநாடாவைக் கேட்டு, குறித்து, வெட்டி, ஒட்டி அமைத்த பணி அது. சில நிமிட நகைப்புக்குப் பின்னே பல மணிநேர உழைப்பு இருந்தது.

‘வினோத வேளை’யில் அவர் நேயர்களையே வம்புக்கிழுத்தார். ஒரு நிமிட நேரம் அவர் அடுக்கும் வினாக்களுக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லாது விடையிறுத்தல் வேண்டும். கேட்பதற்கு எளிது, நின்று பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும். தோற்றவரும் சிரித்துக்கொண்டே இறங்கினர். எதிராளியைச் சீண்டலாம், சிறுமைப்படுத்தலாகாது என்னும் எல்லையை அவர் அறிந்திருந்தார்.

காலம் அவ்வெல்லையை அறியவில்லை. 1983ஆம் ஆண்டு வன்செயலின் பின் அவர் தமிழகம் சென்றார். பின்னர்க் கொழும்புக்கு மீண்டார். ‘ஆம்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் உயிரைப் பறிக்கவல்ல சொற்களாகிவிட்ட காலம் அது. அக்காலத்தில் அவர் கொழும்பில் கொல்லப்பட்டார். ஆயுதமேந்தாத கலைஞன் ஒருவன் வாய்மொழியாலே வாழ்ந்து, அவ்வாய் அடைக்கப்பட்டு மாண்டான் என்பதை எண்ணுகையில் நெஞ்சு கனக்கிறது.

எழுத்தாளன் மறைந்தால் நூல் எஞ்சும். வானொலிக் கலைஞனின் படைப்போ காற்றோடு கலப்பது. ஒலிநாடாவின் விலை கருதிப் பழைய ஒலிப்பதிவை அழித்து அதன்மேல் புதியதைப் பதிவது ஒலிபரப்பு நிலையங்கள் பலவற்றின் வழக்கமாயிருந்தது. எனவே, அந்நாளில் வீட்டிலிருந்து பதிவு செய்த ஒலிநாடாக்கள் எவர் பெட்டியிலேனும் இருப்பின், அவற்றை எறிந்துவிடாதீர்கள். நூலக நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகங்களிடம் ஒப்படையுங்கள். அக்குரலைக் கேட்டறியாத பிள்ளைகள் அதனை ஒருமுறையேனும் கேட்கட்டும்.