கணிப்பொறி கண் திறக்காவிட்டால்

(திருப்போரூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த கோவளத்தில், ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் நம் நாட்டில் தொடங்கப்பெற்ற காலத்தில், என் போன்ற அலுவலர்கள் கிராமங்களுக்குச் சென்று நல்ல விதை, எரு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றைப் பற்றிப் பேசினார்கள். பின்னர் பம்பு செட்டுகளைப் பற்றிப் பேசினார்கள். இன்று நான் பேச வந்திருக்கும் பொருள் வீட்டுக் கம்ப்யூட்டர், அதாவது கணிப்பொறி. இது கிராமத்துக்கு அந்நியமான பொருள் அன்று. 2011-ஆம் ஆண்டில் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பயனாக, எத்தனையோ குடிசை வீடுகளிலும் கணிப்பொறி நுழைந்தது. பட்டா, சிட்டா நகல், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், மகளிர் குழுவின் கடன் கணக்கு, குடும்பப் புகைப்படங்கள் ஆகிய யாவும் இன்று அதனுள் குடியிருக்கின்றன. ஊராட்சிகளின் திட்டங்களும் கணக்குகளும்கூட, 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் தளத்தில் கணிப்பொறி வழியாகவே ஏற்றப்படுகின்றன.

அப்படிப்பட்ட யந்திரம் ஒரு நாள் காலையில், பொத்தானை அழுத்தியும் உயிர் பெறாமல் கிடந்தால் என்ன செய்வது? சிலர் அது செத்துவிட்டது என்று பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் கண்டவரிடம் கொடுத்து, “எப்படியாவது ஓடினால் போதும்” என்கிறார்கள். அவரும் உள்ளிருப்பதை எல்லாம் துடைத்துவிட்டு ஓட வைத்துத் தருகிறார். இரண்டிலும் நஷ்டமாவது யந்திரம் அன்று. அதனுள் இருந்த ஏடுகள். யந்திரம் நின்றது வேறு, ஏடுகள் அழிந்தது வேறு. இந்த ஒன்றை மட்டும் நீங்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் என் பேச்சின் பயன் நிறைவேறிவிடும்.

இதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையைக் காட்டி நின்றுவிட்டன என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் கொடுக்க நேர்ந்தது. ஆனால் அந்த யந்திரங்களில் ஒரு திருகாணிகூடப் பழுதாகவில்லை. அந்த ஒரு கோப்பை நீக்கியதும் அவை பழையபடி எழுந்தன. தொடங்காத யந்திரம் எல்லாம் செத்த யந்திரம் அல்ல என்பது இதனால் விளங்கும்.

முதலில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பம்பு செட்டு ஓடாவிட்டால் விவசாயி உடனே மோட்டாரைக் கழற்றுவதில்லை. கரண்ட் வருகிறதா, பியூஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா, புட் வால்வில் தண்ணீர் நிற்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறார். வெளியிலிருந்து உள்ளே போவதே அவருடைய முறை. கணிப்பொறிக்கும் அதே முறைதான். அதன் நோய் மூன்று வகை. ஒன்று, விளக்கும் எரியாது, விசிறியும் சுற்றாது. இரண்டு, விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை மட்டும் இருண்டிருக்கும். மூன்று, திரையில் ஏதோ எழுத்து தோன்றி அங்கேயே நின்றுவிடும். எந்த வகை என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

முதல் வகை: உயிரே இல்லாதது

அதே பிளக் துளையில் ஒரு மேசை விளக்கையோ போன் சார்ஜரையோ சொருகிப் பாருங்கள். அதுவும் எரியாவிட்டால் குற்றம் கணிப்பொறியினுடையது அன்று. அது எரிந்தால், பெட்டியின் பின்புறமுள்ள சிறிய சுவிட்சு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெருக்கும்போது துடைப்பம் பட்டுக்கூட அணைந்திருக்கும். அடுத்தது ஒயர். பெரும்பாலான மானிட்டர்களுக்கும் பெட்டிக்கும் ஒரே மாதிரியான ஒயர்தான். இரண்டையும் மாற்றிச் சொருகினால் ஒயர் பழுதா இல்லையா என்பது செலவில்லாமலே தெரிந்துவிடும். இடையில் யு.பி.எஸ். இருந்தால் அதைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் இணைத்துப் பாருங்கள். அதனுள்ளிருக்கும் பாட்டரி சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும்.

கோவளத்தில் ஒரு தனி விஷயம் உண்டு. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். நடுவே வீசுவது உப்புக் காற்று. படகு எஞ்சினைத் தின்னும் அந்த உப்பு, பிளக்கின் பித்தளைக் கால்களையும் பச்சை பூக்கச் செய்கிறது. களிம்பேறிய கால்களைக் கரண்டை நிறுத்திவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். தளர்ந்த பிளக் துளையை மாற்றிவிடுங்கள்.

இவற்றுக்கும் மசியாவிட்டால், ஒயரை அடியோடு பிடுங்கிவிட்டுப் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பின்னர் இணைத்துப் பாருங்கள். மடிக்கணினியாயின், பாட்டரி கழற்றக்கூடியதானால் அதைக் கழற்றிவிட்டு இவ்வாறே செய்து, சார்ஜரை மட்டும் இணைத்துப் பார்க்கலாம். பாட்டரி செத்த பழைய மடிக்கணினி சார்ஜரிலேயே பல காலம் ஓடும். அப்போதும் அசையவில்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டி பழுதாயிருக்கலாம். அதைத் தனியே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஒயரைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் ஆளைத் தாக்கக்கூடிய மின்சாரம் தங்கியிருக்கும்.

இரண்டாம் வகை: திரை இருண்டது

மானிட்டரின் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அது எரிந்தும் படம் வராவிட்டால், பெட்டியிலிருந்து வரும் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மீண்டும் இறுகப் பொருத்துங்கள். பிரிண்டர், பென் டிரைவ் முதலியவற்றை எல்லாம் அகற்றிவிட்டு ஒரு முறை முயலுங்கள். சில பெட்டிகள் ‘பீப், பீப்’ என்று ஒலிக்கும். அது பழுதைத் தெரிவிக்கும் மொழி. கம்பெனிக்குக் கம்பெனி மாறுபடும். எத்தனை முறை ஒலித்தது என்று எண்ணி எழுதிக்கொண்டால் மெக்கானிக்குக்குப் பெரிய உதவி.

இந்நோய்க்கு அடிக்கடி காரணமாவது ராம் என்னும் நினைவகப் பட்டை. கைப்பழக்கம் உடையவர்கள் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்புப் பகுதியை ஒரு முறை தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, அந்தப் பட்டையைக் கழற்றலாம். அதன் பொன்னிற விளிம்பை மாணவர்களின் ரப்பரால் மெல்லத் துடைத்து, ‘கிளிக்’ என்று ஒலி வரும்படி அழுத்திப் பொருத்தினால் பல யந்திரங்கள் எழுந்துவிடும். மடிக்கணினியைப் பழகாதவர் திறக்க வேண்டாம்.

மூன்றாம் வகை: எழுத்துக் காட்டி நிற்பது

அந்த எழுத்து புரியாவிட்டாலும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நோயாளி சொல்லும் குறி போன்றது அது. பென் டிரைவ் ஒன்று சொருகியபடியே இருந்தால், யந்திரம் அதிலிருந்து தொடங்கப் பார்த்துத் தவித்து நிற்கலாம். அதை எடுத்துவிடுங்கள். தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், உள்ளே இருக்கும் காசு போன்ற 3 வோல்ட் பாட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பல மேசைக் கணிப்பொறிகளில் அது சி.ஆர். 2032 என்னும் வகை, விலை அற்பமே. ஆயினும் தேதி தவறினால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். பட்டா நகல் எடுக்க முடியவில்லை என்று சர்க்காரைக் குறை கூறுமுன் கணிப்பொறியின் கடிகாரத்தையும் ஒரு முறை பாருங்கள்.

விண்டோஸ் சில முறை தொடர்ந்து தொடங்கத் தவறினால், பழுது நீக்கும் பக்கத்தைத் தானே காட்டும். அதில் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’. ‘ரீசெட்’ என்பதில் இரண்டு வழிகள் உண்டு: ஒன்று உங்கள் கோப்புகளை வைத்துக்கொள்ளும், மற்றொன்று எல்லாவற்றையும் நீக்கிவிடும். படிக்காமல் அழுத்துகிற ஒரு விரல், பல ஆண்டுக் கணக்கை ஒரு மணி நேரத்தில் துடைத்துவிடும். புதிய மடிக்கணினிகள் சில நேரங்களில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். யந்திரம் நன்றாக இருக்கும்போதே அதனை எழுதிப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். பெட்டிக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று ஓசை கேட்டால் ஹார்டு டிஸ்க் தேய்கிறது என்று அறிந்து உடனே நிறுத்திவிடுங்கள். மீண்டும் மீண்டும் முயல்வது புண்ணைக் கீறுவதற்கு ஒப்பாகும்.

நீர் புகுந்தால்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தைத் தாம்பரம் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, மாண்டஸ் புயல் நமக்கு அடுத்துள்ள மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடந்தது. ஆகவே மழைக்காலத்தில் கணிப்பொறியைத் தரையில் வைக்காதீர்கள். இடி மின்னல் வேளையில் மின் ஒயரையும் இணைய ஒயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள். நனைந்த யந்திரத்தை, ஓடுகிறதா என்று அறியும் ஆவலில் ஒருபோதும் இயக்காதீர்கள். யந்திரத்துக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து. மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகே அதைத் தொட வேண்டும். மெயின் சுவிட்சுக்குப் போகும் வழியிலேயே தண்ணீர் நின்றால், மின்வாரியத்துக்குச் சொல்லிக் கரண்டை நிறுத்தும் வரை காத்திருங்கள். கடல்நீர் பட்டது உலர்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி அரிக்கும். டிஸ்க் நனைந்திருந்தால் வீட்டில் இணைத்துப் பார்க்காமல், தரவு மீட்கும் தொழில் அறிந்தவரிடம் கொடுங்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

யந்திரத்தைக் கொடுக்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். “உள்ளிருப்பதை முதலில் நகல் எடுத்தீர்களா?” என்பது ஒன்று. “எதை மாற்றினீர்கள், கழற்றிய பழைய பாகம் எங்கே?” என்பது மற்றொன்று. அவர் ‘பார்மட்’ செய்கிறேன் என்றால், அது வீட்டைக் காலி செய்து வெள்ளையடிப்பது போன்றது. சாமான்களை வெளியே எடுத்த பின்னரே அதற்குச் சம்மதிக்க வேண்டும். பெட்டி முற்றிலும் பழுதானாலும், டிஸ்க் நலமாயிருந்தால் அதைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்துக் கோப்புகளைப் பெறுவது பெரும்பாலும் கூடும். அவ்வாறே, பழைய யந்திரத்தை விற்கும்போது டிஸ்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் ஆதார் நகலும் வங்கிக் கணக்கும் இருக்கக்கூடும். மின்னணுக் கழிவை எரிப்பது காற்றுக்கும் மண்ணுக்கும் நஞ்சு. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள புதிய விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அது சேர வேண்டும்.

ஊராட்சி செய்யக்கூடியது

விதை நெல்லை ஒரே குதிரில் போட்டு வைக்கும் விவசாயி உண்டா? கோப்புகளுக்கும் அதே நியாயந்தான். முக்கியமான ஏடுகளுக்கு இரண்டு நகல்கள் வேண்டும். அவற்றில் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை அந்த நகலைத் திறந்து பார்த்து, படிக்க முடிகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். திறக்காத நகல் முளைக்காத விதைக்குச் சமானம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு மூன்று யோசனைகளைக் கூறி முடிக்கிறேன். முதலாவது, ஊரில் இரண்டு இளைஞர்களையும் மகளிர் குழுவிலிருந்து இருவரையும் இந்த முதல் பரிசோதனைகளில் பழக்குங்கள். இரண்டாவது, ஊராட்சி அலுவலகத்தில் ஓர் உபரி ஒயர், ஒரு காசுப் பாட்டரி, ஒரு சோதனை விளக்கு, ஒரு ரப்பர் ஆகியவற்றை ஒரு சிறு பெட்டியில் வைத்திருங்கள். எவர் வீட்டுக்கும் இரவலாக உதவும். மூன்றாவது, கணிப்பொறியின் அருகில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். எந்தத் தேதியில் எந்த இடத்தில் நின்றது, என்ன எழுத்துத் தோன்றியது, யார் என்ன செய்தார் என்று அதில் குறித்துவந்தால், அடுத்த முறை வருகிறவர் இருட்டில் தடவ வேண்டியதில்லை.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. பதறாத மனமும் வரிசையாகப் பார்க்கும் பழக்கமும் போதும். அவை இரண்டும் உழவருக்கும் மீனவருக்கும் புதியன அல்லவே!